என் தாயாரின் உயிரைக் காத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

தண்டையார்பேட்டையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் எதிர்வீட்டு அக்காவுக்கே என் முதல் நன்றி. தண்ணீர்க் குடத்துடன் படி ஏறும்போதெல்லாம் என் தாயாருக்கு நெஞ்சை இறுக்கிக் கீழ்த்தாடை வரை ஒரு வலி வரும். குடத்தை இறக்கி வைத்து நின்றால் சில நிமிடங்களில் அடங்கிவிடும். பல்வலி என்று அவர் கிராம்பை வாயில் அடக்கி வந்தார். "படி ஏறும்போது மட்டும் பல் வலிக்குமாம்மா?" என்று கேட்டு, மறுநாளே நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றவர் அந்த அக்காதான்.

அங்கிருந்த செவிலியர் எதைச் செய்யும்போது வலி வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, ஓய்வெடுத்தால் குறைகிறதா என்று பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். உழைக்கும்போது வந்து ஓய்வில் அடங்கும் வலி, இதயத் தசைக்குப் போதிய இரத்தம் செல்லாததன் அறிகுறியாக இருக்கலாம் என்றும், பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மூச்சுத்திணறலோ, மிகுந்த களைப்போ, குமட்டலோ மட்டுமே தெரியக்கூடும் என்றும் அவர் விளக்கினார். இதயத்தின் மின்துடிப்பைப் பதியும் இசிஜி இயல்பாக இருந்தபோதும், ஓய்வில் எடுத்த ஒரு படத்தை வைத்து நெஞ்சுவலியைத் தள்ளிவிட முடியாது என்று மருத்துவர் ஸ்டான்லி மருத்துவமனைக்குப் பரிந்துரைத்தார். வாய்வு என்று சொல்லிச் சோடா வாங்கிக் கொடுக்கும் வழக்கம் மாறாத நம் பகுதியில் அந்தக் கவனம் எவ்வளவு பெரிதென்று எனக்குத் தெரியும்.

அந்தச் சீட்டுடன் செல்வதற்குள், ஒரு மாலை உட்கார்ந்திருந்தபோதே வலி வந்து, வியர்த்துக் கொட்டி, அடங்காமல் நீடித்தது. செவிலியர் முன்பே எச்சரித்திருந்ததால் உடனே 108-ஐ அழைத்தோம். ஒரு படிகூட இறங்கவிடாமல் தாயாரை நாற்காலியில் வைத்தே தூக்கி வந்த ஆம்புலன்ஸ் தோழர்களுக்கும், இசிஜியையும், இதயத் தசை பாதிக்கப்பட்டதைக் காட்டும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையையும் சில மணி நேர இடைவெளியில் மீண்டும் எடுத்துப் பார்த்து மாரடைப்பை உறுதிசெய்த ஸ்டான்லி மருத்துவர்களுக்கும், இதய இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் செய்து, குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயைப் பொருத்திய குழுவினருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கான தாள்களை ஒழுங்குபடுத்தித் தந்த அலுவலருக்கும் நன்றி.

வீடு திரும்பும் முன், இனி வலி வந்தால் உட்கார்ந்தபடி இரத்தக் குழாயை விரித்து நெஞ்சுவலியைக் குறைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை நாக்கின் அடியில் வைக்க வேண்டும், 5 நிமிடங்களில் குறையாவிட்டால் 108-ஐ அழைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். முன்பைவிட அடிக்கடி வந்தாலும், குறைந்த உழைப்பிலேயே வந்தாலும், ஓய்வில் வந்தாலும் அது அவசரம் என்பதை என் தாயார் தம் வாயால் திருப்பிச் சொல்லும்வரை அவர் விடவில்லை.

எழுத்துக்கூட்டிப் படிக்கும் என் தாயாருக்காக ஒவ்வொரு மாத்திரை அட்டையிலும் 'காலை', 'இரவு' என்று பெரிய எழுத்தில் எழுதி, இரத்தம் உறையாமலிருக்கத் தரும் இரண்டு மாத்திரைகளையும் மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது என்று அறிவுறுத்திய மருந்தகச் சகோதரிக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

இப்படிக்கு,
நன்றியுடன் ஒரு மகள்,
தண்டையார்பேட்டை, சென்னை