அடுத்த முறை தைப்பிங்கில் இறங்குவோம்

அன்பு மகளுக்கு,

நல்லபடியாகப் பினாங்கு வந்து சேர்ந்தோம். அம்மாவின் கால் வீக்கம் வடிந்துவிட்டது. நேற்றே சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்துவிட்டாள். போனில் பேசினால் 'சாப்பிட்டியா, பையன் தூங்கினானா' என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இத்தாலியில் நாம் சுற்றிய சிங்க்வே தெர்ரேயின் ஐந்து கடலோர ஊர்களில் ஒன்றான கோர்னிலியாவின் படிகள் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன. ஸ்டேஷன் கீழே கடலோரத்தில், ஊர் நூறு மீட்டர் உயரத்தில் பாறை மேல். நடுவில் 382 படிகள். "பஸ்ஸில் போயிடலாம்பா" என்றாய். தைப்பூசத்துக்குத் தைப்பூசம் இங்கே பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி ஏறுகிறவன், இதை ஏற மாட்டேனா என்று கிளம்பினேன். பாதியில் மூச்சு வாங்கியது. நீ ஒன்றும் சொல்லவில்லை. கடலைப் பார்க்கிற மாதிரி ஓரமாக நின்றுவிட்டாய். எனக்காகத்தான் நின்றாய் என்று தெரியும் அம்மா. நீ சின்னப் பிள்ளையாகத் தண்ணீர்மலையில் கால் வலித்து முகம் வாடும்போது, நானும் காவடி பார்க்கிற மாதிரி இப்படித்தான் நிற்பேன்.

அப்புறம் அந்த ரயில். 31 வருஷம் ரயில்வேயில் வேலை பார்த்தவன் நான். ஆனாலும் அப்படி ஒரு பாதையைக் கண்டதில்லை. 1874-இல் மலையைக் குடைந்து போட்டது. இருட்டு, சட்டென்று ஒரு கீற்றுக் கடல், ஒரு ஊர், மறுபடி இருட்டு. பேரன் சுரங்கம் எண்ணி எண்ணித் தூங்கியே போனான். ரயில் வருவதற்கு முன்னால் அந்த ஐந்து ஊர்களுக்கும் படகும் மலைப்பாதையும்தான் வழி. வெர்னாஸாவிலிருந்து மொந்தெரோஸ்ஸோவுக்கு நாம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடந்தோம். திரும்பும்போது ரயிலில் சில நிமிஷம்!

ரியோமஜ்ஜோரேயிலிருந்து மனரோலா போகும் பாதை ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. 2012-இல் பாறை சரிந்து மூடியதை 2024-இல்தான் திறந்திருக்கிறார்கள். பன்னிரண்டு வருஷம் ஆனாலும் கைவிடவில்லை. திராட்சைத் தோட்டத்துக் கற்சுவர்களும் அப்படித்தான், சாந்தே இல்லாமல் கல் மேல் கல்லாக அடுக்கியவை. சரிந்தால் மறுபடி அடுக்கித்தான் ஆகவேண்டும்.

அங்கே நின்றபோது எனக்குப் போர்ட் வெல்ட் ஞாபகம் வந்தது. மலாயாவின் முதல் ரயில் 1885-இல் தைப்பிங்கிலிருந்து அந்தக் கடலோர ஊருக்குத்தான் ஓடியது. பதின்மூன்று கிலோமீட்டர் அளவுதான், ஈயம் கொண்டுபோகப் போட்டது. இன்று அந்தத் தண்டவாளம் இல்லை. ஊரின் பெயரும் கோலா செபெத்தாங் ஆகிவிட்டது. டிக்கெட் கொடுத்த கூண்டும் பெயர்ப்பலகையும் மட்டும் நிற்கின்றன. பலகையில் தமிழிலும் எழுதியிருக்கும். உன் தாத்தா ரயில்வேயில் தண்டவாள வேலை செய்தவர். அந்தப் பலகை முன்னால் என்னை நிறுத்தி எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னார். உன்னை ஒரு தடவைகூட நான் அங்கே கூட்டிப்போகவில்லை. இத்தாலி வரை போய்வந்த பிறகு அதுதான் மனதை அரிக்கிறது.

சரி, டிசம்பரில் வரும்போது ஒரு நாள் எனக்கு ஒதுக்கு. பட்டர்வொர்த்தில் இடிஎஸ் மின்சார ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரம் போலத் தைப்பிங். அங்கிருந்து காரில் போகலாம். மாத்தாங் சதுப்புக்காட்டில் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், பேரன் ஓடலாம். கரிச்சூளையும் பார்க்கலாம். ஆற்றோரக் கடையில் மீன் சாப்பிடுவோம். மெதுவாக நடப்போம், படி ஒன்றும் கிடையாது.

பேரனை அதற்குள் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழக்கு. பலகையை அவன்தான் படிக்கவேண்டும். மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல். டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா