எடைக் குறைப்புச் சத்திரசிகிச்சை: மறைத்து வைப்பதில் உள்ள ஆபத்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உடல் எடையைக் குறைப்பதற்கான சத்திரசிகிச்சை பற்றிய விளம்பரங்களும் அனுபவக் கதைகளும் கொழும்புத் தமிழரிடையே இப்போது அதிகம் புழங்குகின்றன. முன்னர் எடுத்த படம் ஒன்று, பின்னர் எடுத்த படம் ஒன்று, இடையில் குறைந்த கிலோக் கணக்கு. இவ்வளவுதான் அவற்றில் இருக்கும். அந்த இரண்டாவது படம் எடுக்கப்பட்டு நாலைந்து வருடங்கள் சென்ற பின்னர் அந்த மனிதர் எப்படி இருக்கிறார் என்பதை எவரும் சொல்வதில்லை. வெள்ளவத்தையில் ஒரு மருந்தகத்தில் நெடுங்காலமாக மருந்தாளராகப் பணியாற்றுவதால், அந்தப் பிந்திய வருடங்களில் இவர்களைச் சந்திக்கும் வாய்ப்பு எனக்கு உண்டு. அங்கே நான் காண்பவற்றை வாசகர்கள் அறிய வேண்டும் என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இச்சிகிச்சை வேண்டாம் என்பது என் கருத்தன்று. சுவீடனில் 1987 இல் தொடங்கிய ஆய்வொன்றில், சத்திரசிகிச்சை செய்துகொண்ட 2010 பேரும் வழக்கமான சிகிச்சை பெற்ற 2037 பேரும் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டார்கள். 2007 இல் வெளியான முடிவின்படி, சராசரியாகப் பதினொரு வருட காலத்தில் சிகிச்சை பெற்றவர்களில் 101 பேரும் மற்றவர்களில் 129 பேரும் இறந்திருந்தார்கள். நூறு கிலோவைத் தாண்டிய உடம்போடு, சீனி வருத்தமும் பிரஷரும் தூக்கத்தில் மூச்சுத் திணறலுமாக அல்லற்படும் ஒருவருக்கு இது உயிர்காக்கும் வைத்தியம். சத்திரசிகிச்சை மேசையில் உயிர் போய்விடும் என்ற பயமும் பெரும்பாலும் மிகையானது. அதே ஆய்வில் முதல் மூன்று மாதங்களுக்குள் இறந்தவர்கள் நானூறில் ஒருவர்தான். ஆபத்து வேறிடத்தில், வேறு காலத்தில் இருக்கிறது.

இன்று அதிகம் செய்யப்படும் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி அகற்றப்பட்டு, எஞ்சிய பகுதி ஒடுங்கிய குழாய்போல் விடப்படுகிறது. இன்னொரு முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் சிறு பை ஒன்று மட்டும் அமைக்கப்பட்டு, அது சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேரடியாக இணைக்கப்படுகிறது. உண்ட உணவு முன்சிறுகுடலைத் தொடாமலே போய்விடும். பசி குறைவதும் கொஞ்சம் உண்டதும் வயிறு நிரம்புவதும் இதனால்தான். ஆனால் இரும்புச்சத்தும் கல்சியமும் பெரும்பாலும் உறிஞ்சப்படுவது அந்த முன்சிறுகுடலில்தான். விற்றமின் பி12 ஐ உடல் ஏற்பதற்கு வேண்டிய புரதத்தைச் சுரப்பது வெட்டி அகற்றப்பட்ட, அல்லது ஒதுக்கிவிடப்பட்ட, அதே இரைப்பைதான். எடை குறைந்து பெயர் வாங்கிய பிறகும் இந்தக் குறை உடலில் ஆயுள் முழுவதும் இருக்கும்.

பி12 பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் ஏமாற்றுவது அதுதான். ஈரலில் அதன் சேமிப்பு சில வருடங்களுக்குத் தாங்கும். ஆகவே முதல் வருடம் குளிசையையும் ஊசியையும் நிறுத்திவிட்டவருக்கு உடனே எதுவும் தெரியாது. இரண்டாம் வருடமும் நன்றாகத்தான் இருப்பார். பிறகு ஒருநாள் பாதத்தில் விறைப்பு, நடக்கும்போது தடுமாற்றம், மறதி, சோர்வு. இவற்றுக்கும் எப்போதோ செய்த ஓபரேஷனுக்கும் தொடர்புண்டு என்று அவருக்குத் தோன்றாது. நரம்பு நெடுங்காலம் பாதிக்கப்பட்டிருந்தால், பிறகு எத்தனை ஊசி போட்டாலும் முழுமையாகத் திரும்பாமற் போகலாம். நம்மவர்களிடம் இது இன்னும் வேகமாக நடப்பதற்குக் காரணங்கள் உண்டு. நீரிழிவுக்கு நாளாந்தம் எடுக்கும் மெற்போமினும், வயிற்றெரிவுக்கு மாதக்கணக்கில் விழுங்கும் ஒமிப்பிரசோலும் தம்பங்குக்கு பி12 ஐக் குறைப்பவை. இவற்றோடு சைவ உணவுப் பழக்கமும் சேர்ந்தால், அந்த விற்றமின் உடலுக்கு வரும் வழிகள் அனேகமாக அடைபட்டுவிடும். ஒரே மருந்துத் துண்டில் மெற்போமினும் ஒமிப்பிரசோலும் எழுதியிருக்க, பி12 எழுதப்படாதிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இதற்கு நேர்மாறானது தயமின் எனப்படும் விற்றமின் பி1. அதன் சேமிப்பு சில வாரங்களுக்கே போதும். சத்திரசிகிச்சைக்குப் பின் விடாது வாந்தி எடுப்பவருக்கு அது தீர்ந்துபோனால், பார்வை தடுமாறி, கால் தள்ளாடி, மனம் குழம்பி, மூளையே நிரந்தரமாகப் பழுதாகலாம். வாந்தியில் களைத்துப்போனவரை அருகிலுள்ள டிஸ்பென்சரிக்குக் கூட்டிச்சென்று ‘ஒரு சேலைன் ஏற்றிவிடுங்கோ’ என்று கேட்பது நம் வழக்கம். தயமின் கொடுக்காமல் குளுக்கோசு ஏற்றினால் அந்தப் பாதிப்பு இன்னும் மோசமாகும். நோயாளி இன்ன சத்திரசிகிச்சை செய்தவர் என்று தெரிந்தால் எந்த வைத்தியரும் இதைக் கவனிப்பார். தெரியாவிட்டால்?

அந்தத் தெரியாமைதான் நான் சொல்ல வந்த விடயம். நம் சமூகத்தில் இச்சிகிச்சை மறைத்து வைக்கப்படுகிறது. பித்தப்பையில் கல் எடுத்தது, ஹேர்னியாவுக்கு வெட்டியது என்று உறவினர்களுக்கு ஒரு கதை சொல்லப்படுகிறது. பிறகு அதே கதை வைத்தியருக்கும் சொல்லப்படுகிறது. சில காலத்துக்கு முன்னர் இளம் பெண்ணொருவர் முதுகு நோவுக்கு டைக்குளோபெனக் குளிசை கேட்டு வந்தார். மேற்கைத் தோல் தளர்ந்து தொங்கிய விதமும் வகிட்டில் முடி ஐதாகியிருந்ததும் எனக்கு ஐயத்தைத் தந்தன. வயிற்றில் ஏதாவது சத்திரசிகிச்சை நடந்ததா என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற மாமியாரை ஒருமுறை பார்த்துவிட்டு, இல்லை என்றார். பரசிற்றமோல் மட்டும் கொடுத்து அனுப்பினேன். அன்று மாலையே தனியாக வந்து, கல்யாணத்துக்கு முன்னர் சென்னையில் இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்ததாகவும், கணவர் வீட்டில் எவருக்கும் அது தெரியாது என்றும் சொன்னார். அவருக்குச் செய்யப்பட்டது குடலை இணைக்கும் முறை. அப்படிச் செய்தவர்கள் டைக்குளோபெனக், ஐபுபுரோபென், அஸ்பிரின் போன்ற நோவு மருந்துகளைத் தவிர்க்க வேண்டும். இணைத்த இடத்தில் புண் வந்து, இரத்தம் கசியவும் துளை விழவும் கூடும். புகைப்பவர்களுக்கு இந்த ஆபத்து மேலும் அதிகம். அவரிடம் இருந்த அட்டையில் இது குறிப்பிடப்பட்டிருந்தது, ஆனால் அந்த அட்டை ஆங்கிலத்தில், அலுமாரியின் அடித்தட்டில் இருந்தது.

வயிற்று வலி என்றாலே நாம் எல்லோரும் ‘கஸ்ரைற்றிஸ்’ என்று முடிவு கட்டி, அமிலத்தைத் தணிக்கும் பாணி மருந்தைக் கேட்டு வாங்குகிறோம். குடலிணைப்புச் செய்தவருக்கு, எடை நன்றாகக் குறைந்த பின்னர், வயிற்றுக்குள் உண்டான இடைவெளியொன்றில் குடல் நுழைந்து முறுகிக்கொள்ளலாம். மாதங்கள் கழித்தும் வரலாம், வருடங்கள் கழித்தும் வரலாம். சாப்பிட்டதும் வந்து வந்து போகும் கடும் வலி அதன் அறிகுறி. அது மணிக்கணக்கில் உயிரைப் பறிக்கக்கூடியது. பாணி மருந்தோடு வீட்டில் இருக்கும் நேரம் அதுவல்ல.

பெண்களைப் பற்றி வெளிப்படையாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். கல்யாணப் பேச்சுக்காக மகளுக்கு இச்சிகிச்சையைச் செய்விக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும் என்பது வைத்திய ஆலோசனை, ஏனெனில் எடை வேகமாகக் குறையும் அக்காலத்தில் சிசுவுக்குப் போதிய சத்துக் கிடைக்காமற் போகலாம். நம் வீடுகளிலோ கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதமே ‘ஏதும் விசேஷமா?’ என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். குடலிணைப்புச் செய்தவருக்குக் கருத்தடைக் குளிசை சரியாக உறிஞ்சப்படாமலும் போகலாம். வேறு முறை வேண்டும். கர்ப்ப காலத்தில் நீரிழிவைக் கண்டறியக் கொடுக்கும் குளுக்கோசுக் கரைசலும் இவர்களுக்கு ஒத்துவராது. குடித்த சிறிது நேரத்தில் வியர்த்து, நெஞ்சு படபடத்து, தலைசுற்றி விழ நேரிடும். கிளினிக்கில் உள்ள தாதிக்கும் வீட்டுக்கு வரும் குடும்பநல மாதுவுக்கும் உண்மை தெரிந்திருந்தால் வேறு பரிசோதனைக்கு ஒழுங்கு செய்வார்கள்.

இரும்புச்சத்துக் குளிசையைக் காலையில் பிளேன்டீயோடு விழுங்குவது இன்னொரு பழக்கம். தேயிலையின் சாயச்சத்து இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும், கல்சியமும் தடுக்கும். ஆகவே இவற்றுக்கிடையே இரண்டு மணித்தியாலமாவது விட வேண்டும். விரதங்களும் கவனத்துக்குரியவை. இரைப்பை சிறிதானவரால் ஒரே மூச்சில் தண்ணீர் குடிக்க இயலாது. நாள் முழுவதும் மிடறு மிடறாகக் குடித்தால்தான் உடலுக்குப் போதுமான நீர் சேரும். கந்தசஷ்டியின் ஆறு நாளும் உபவாசம் இருப்பவர்களும், ரமழானில் நோன்பு நோற்கும் சகோதரர்களும் தம் வைத்தியரைக் கேட்காமல் அதைத் தொடங்கக் கூடாது. இறைவனுக்கு நம் உடல்நிலை தெரியும் என்று நம்புவோர், வைத்தியருக்கும் அதைத் தெரியப்படுத்தலாம் அல்லவா?

எடை மீண்டும் கூடுவது பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். பெரும்பாலானோருக்கு எடை மிகக் குறைவது முதல் ஒன்றிரண்டு வருடங்களில். அதன்பின் ஒரு பகுதி திரும்பி வருவது சாதாரணம். நீரிழிவு ‘முற்றாகக் குணமாகும்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். முன்னர் குறிப்பிட்ட சுவீடன் ஆய்வில், இரண்டு வருடங்களின் பின் நீரிழிவு நீங்கியிருந்தவர்கள் 72 சதவீதம். பத்து வருடங்களின் பின் 36 சதவீதம் மட்டுமே. சில வருடங்கள் சீனி வருத்தமின்றி வாழ்ந்ததுகூட இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பெரும் இலாபம்தான். ஆனால் திரும்ப வந்ததைத் தன் தோல்வியென்று எண்ணி, பரிசோதனைக்கே போகாமல் ஒளிந்துகொள்பவர்களை நான் அறிவேன். அவர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் செய்யப்பட்டு 2007 இல் வெளியான ஆய்வில், குடலிணைப்புச் செய்தவர்களின் மொத்த இறப்பு 40 சதவீதம் குறைந்திருந்தபோதும், தற்கொலை, விபத்து போன்ற நோயல்லாத காரணங்களால் ஏற்பட்ட இறப்பு மற்றவர்களைவிட அதிகமாகவே காணப்பட்டது. மதுவும் இவர்களுக்கு வேகமாக ஏறும். முன்னர் இல்லாத குடிப்பழக்கம் பின்னர் தொற்றிக்கொள்வதும் உண்டு. மனநலக் கவனிப்பு இச்சிகிச்சையின் ஓர் அங்கம் என்பதை நம் குடும்பங்கள் ஏற்க வேண்டும்.

பணம் பற்றியும் ஒரு சொல். சத்திரசிகிச்சைக்கு நகையை அடகு வைத்தாவது பணம் திரட்டிவிடுகிறார்கள். பிறகு மாதந்தோறும் வேண்டிய விற்றமின்கள், கல்சியம், வருடாந்த இரத்தப் பரிசோதனை ஆகியவற்றுக்கான செலவை எவரும் கணக்கிட்டுச் சொல்வதில்லை. 2022 இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, கேட்டதில் பாதியைக்கூடக் கொடுக்க இயலாமல் வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பிய நாட்களை நான் மறக்கவில்லை. ஆயுள் முழுவதும் இறக்குமதி மருந்தில் தங்கியிருக்கும் ஒருவர், குறைந்தது இரண்டு மாத இருப்பையாவது வீட்டில் வைத்திருப்பது அவசியம்.

ஆகவே, இச்சத்திரசிகிச்சையைச் செய்யும் வைத்தியசாலைகள், அரசினுடையவையாயினும் தனியாருடையவையாயினும், நோயாளி வீடு திரும்பும்போது தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்ட சிறு அட்டையொன்றைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்த முறையில், எந்தத் திகதியில் செய்யப்பட்டது, எந்த நோவு மருந்து ஆகாது, வாந்தி எடுத்தால் தயமின் தேவை, எந்தெந்த இரத்தப் பரிசோதனையை வருடந்தோறும் செய்ய வேண்டும் என்பவை அதில் இருந்தாலே போதும். தேசிய அடையாள அட்டையோடு பணப்பையில் வைக்கலாம். வெளிநாட்டில் செய்துகொண்டு வருபவர்கள், சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதியொன்றைக் கேட்டுப் பெற்று, இங்கு தம்மைத் தொடர்ந்து பார்க்கப்போகும் வைத்தியரைப் பயணத்துக்கு முன்னரே பேசி ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும். இவ்விளம்பரங்களை வெளியிடும் பத்திரிகைகள், ஆயுட்காலக் கண்காணிப்புத் தேவை என்ற ஒரு வரியை அவற்றில் சேர்க்கும்படி விளம்பரதாரரிடம் வற்புறுத்த வேண்டும். தங்கள் பத்திரிகை அதைத் தொடங்கி வைத்தால் மகிழ்வேன்.

ஏற்கனவே செய்துகொண்டு, இதுவரை எவரிடமும் சொல்லாதிருப்பவர்கள், அடுத்த தடவை மருந்தகத்துக்கு வரும்போது மருந்தாளரை ஓரமாக அழைத்துச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வது எங்களோடு நின்றுவிடும். மாமியாருக்கோ அயலவருக்கோ போகாது. பி12, இரும்புச்சத்து, விற்றமின் டி, கல்சியம் ஆகியவற்றைக் கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள் என்று நாங்கள் கேட்போம். ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தால், இந்த மாதமே வைத்தியரிடம் செல்லுங்கள்.

இங்ஙனம்,
மருந்தாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.