வருகைப் பதிவேட்டில் என் பெயரையும் எழுதியவர்களுக்கு

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில், எங்கள் அடுக்ககத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் காலை ஆறரை மணிக்குக் கூடும் முதியோர் உடற்பயிற்சிக் கூட்டத்துக்கு இந்தத் தை மாதத்தோடு இரண்டு ஆண்டு நிறைகிறது. இதுவரை யாரிடமும் ஒரு ரூபாய் வாங்காமல் நடந்திருக்கிறது என்றால், பலர் தங்கள் இடத்தையும் பொருளையும் தூக்கத்தையும் கொடுத்ததால்தான். நேரில் நன்றி சொன்னால், "இதற்கெல்லாம் எதற்கு மாமி" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அதனால் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், போடவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரிந்துவிடும்.

1987-இல் தெற்கு ராஜகோபுர சம்ப்ரோக்ஷணத்தின்போது (குடமுழுக்கு) இளைய மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வெயிலில் நின்றவள் நான். அந்தக் கால்கள் எழுபதாவது வயதில், குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்ததோடு என்னைக் கைவிட்டன. எலும்பு முறியவில்லை. பயம்தான் பிடித்துக்கொண்டது. பயத்தில் நடையைக் குறைத்தேன், நடை குறையக் கால் தளர்ந்தது, கால் தளரத் தளரப் பயம் கூடியது. பால், காய்கறி, மருந்து எல்லாம் வாசலுக்கே வந்துவிடும். என் வீட்டுக்காரர் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை மகன் தொலைபேசியில் பேசினால் உண்டு. இல்லையென்றால் நாள் முழுக்க நான் வாய் திறக்க வேண்டிய தேவையே இருக்காது.

ஆகவே முதல் நன்றி இரண்டாம் மாடி மாமிக்கு. மூன்று நாள் விடாமல் கதவைத் தட்டினீர்கள். நான்காம் நாள், "பயிற்சியெல்லாம் செய்ய வேண்டாம், கீழே வந்து சும்மா உட்காருங்கள்" என்றீர்கள். அந்த 'சும்மா'வை நம்பித்தான் வந்தேன். நீங்கள் "உடம்புக்கு நல்லது" என்று உபதேசம் செய்திருந்தால் கதவைச் சாத்தியிருப்பேன்.

பிசியோதெரபி படித்த எங்கள் பயிற்சியாளர்ப் பெண்ணுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பேத்தி வயது; அந்த உரிமையில் 'அவள்' என்றே எழுதுகிறேன். வேலைக்குப் போகும் வழியில் ஒரு மணி நேரம் எங்களுக்காக இறங்குகிறாள். முதல் நாள் என் கைகளை மார்பின் குறுக்கே கட்டச் சொல்லி, 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறேன் என்று எண்ணினாள். கையை ஊன்றினால் கணக்கில்லை. என் வயதுப் பெண்களுக்குப் பத்துக்குக் கீழே போனால் விழும் அபாயம் அதிகமாம். எனக்கு நான்கு வந்தது. அவள் முகம் சுளிக்கவில்லை, பொய்யாகப் பாராட்டவும் இல்லை. "நான்கு, எழுதிக்கொள்கிறேன் பாட்டி" என்றாள். போன மாதம் பதினொன்று எழுதினாள்.

அவள் சொல்லித் தருவதில் வித்தை எதுவும் இல்லை. உட்கார்ந்தபடி கால் மாற்றி நடை, நாற்காலி முதுகைப் பிடித்துக் குதிகால் உயர்த்துதல், ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதம் வைத்துப் பத்து விநாடி நிற்றல், அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்தான் எடை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அவளிடம் காரணம் இருக்கிறது. மூச்சை அடக்கக் கூடாது என்பதற்காக எல்லாரையும் வாய்விட்டு எண்ண வைக்கிறாள். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும் என்பதால், எழுவதற்கு முன் ஒரு நிமிடம் உட்கார்ந்தபடியே கால்களை ஆட்டச் சொல்கிறாள். பயிற்சி நடுவே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகமாம். முதலில் வாரம் இரண்டு நாள்தான் கூடினோம். 65 வயதைக் கடந்தவர்கள் சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சியை வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொல்லியிருக்கிறது என்று காட்டி, திங்கள், புதன், வெள்ளி என்று மாற்றினாள். மூன்றாவது நாளும் அவளுடைய தூக்கத்திலிருந்துதான் போகிறது.

ஏகாதசி விஷயத்தில் அவள் காட்டிய உறுதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் ஏகாதசிப் பட்டினி கிடப்பவர்களிடம் "சாப்பிடுங்கள்" என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் வராது. அவளும் சொல்லவில்லை. "விரதம் உங்கள் விருப்பம். ஆனால் சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். அன்று இங்கே உட்கார்ந்து கை மட்டும் தட்டுங்கள், மாத்திரை விஷயத்தை டாக்டரிடம் கேளுங்கள்" என்றாள். பக்தியையும் காயப்படுத்தாமல் எங்களையும் காப்பாற்றினாள்.

வண்டி நிறுத்துமிடத்தை விட்டுக்கொடுத்த குடியிருப்போர் சங்கத்தாருக்கு நன்றி. முந்தைய இரவே ஸ்கூட்டர்களை வெளிவரிசைக்கு மாற்றும் இளைஞர்களுக்கு நன்றி. தரையைப் பெருக்கி, ஈரம் காய்ந்ததா என்று வெறுங்காலால் நடந்து பார்த்து, நாற்காலிகள் பின்னால் வழுக்காதபடி சுவரோடு ஒட்டிப் போடும் வாட்ச்மேன் தம்பிக்கு மிகுந்த நன்றி. மாம்பழச்சாலையிலிருந்து இரண்டு பேரை அழைத்து வந்து, பயிற்சி முடியும்வரை சவாரி எடுக்காமல் காத்திருக்கும் ஆட்டோக்காரருக்கும்தான்.

இனி, நான் எழுத உட்கார்ந்ததே யாருக்காகவோ அவரைப் பற்றி.

எங்கள் போஸ்ட் மாஸ்டர் சார் ஓய்வு பெற்றுப் பல காலம் ஆகிறது. பதிவேடு எழுதும் பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை. முதல் வாரமே கோடு போட்ட நோட்டு ஒன்றில் வருகைப் பதிவு தொடங்கினார். பெயர், தேதி, வந்தார், வரவில்லை. கடைசியில் 'காரணம்' என்று ஒரு கட்டம். வராதவர் வீட்டுக்கு ஏழரை மணிக்குத் தொலைபேசியில் கேட்டு அந்தக் கட்டத்தை நிரப்புவார். எங்களில் சிலருக்கு அது முதலில் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடமா இது என்று நானே முணுமுணுத்திருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டே இருந்தார். "மகள் வருகை." "முழங்கால்." "பால் வரவில்லை." "கண் சிகிச்சை, 10 நாள்." "ஆடிப்பெருக்கு, சாலையில் கூட்டம்."

சென்ற ஆண்டு மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. என் வீட்டுக்காரரின் திதி முந்தைய நாள்தான் முடிந்திருந்தது. ஏழரைக்குத் தொலைபேசி அடித்தது. முழங்கால் என்று சொல்லியிருக்கலாம். என்னவோ, வாய் தவறி, "மனசு சரியில்லை சார்" என்றேன். அந்தப் பக்கம் பேனா ஓடும் நேரம் மௌனம். "எழுதிக்கொண்டேன்" என்றார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.

எட்டு மணிக்கு இரண்டாம் மாடி மாமி சுக்கு காபியோடு வந்தார். எட்டேகாலுக்கு மாம்பழச்சாலை அக்கா, அந்த ஆட்டோவிலேயே. பிறகு போஸ்ட் மாஸ்டர் சாரும் அவர் மனைவியும். என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. முருங்கைக்கீரையை ஆய்ந்து கொடுத்தார்கள். சமையல் முடியும்வரை இருந்துவிட்டுப் போனார்கள். பிறகு ஒரு நாள் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். என் பெயருக்கு நேரே அவருடைய அஞ்சலகக் கையெழுத்தில், "மனம்" என்று மட்டும் இருந்தது. அதற்கு மேல், அதற்குக் கீழ், வேறு பெயர்களுக்கு நேரேயும் அந்தச் சொல் இருந்தது. நான் வராத நாள்களில் மற்றவர்கள் யார் வீட்டுக்கெல்லாம் போயிருக்கிறார்கள் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. இப்போது நானும் போகிறேன்.

சார், அன்று உங்களிடம் சொல்லாத நன்றி இது. நான் வரவில்லை என்பதை ஒருவர் எழுதி வைக்கிறார் என்ற நினைப்பில்தான் பல நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்கிறேன்.

இந்த ஆடிப்பெருக்குக்கு மறுநாள், கூட்டம் வடிந்த பிறகு, பயிற்சி முடித்த கையோடு ஏழு பேராக அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனோம். நான்கு ஆண்டுகளாக மேல்படியில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பியவள், கைப்பிடித்துக் கீழ்ப்படிவரை இறங்கிக் காவிரியில் கால் நனைத்தேன். ஏறும்போது பயிற்சியாளர்ப் பெண் சொன்னபடி வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறினேன். பக்கத்தில் தர்ப்பணம் செய்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கவலைப்படவில்லை.

பந்தல் கடைத் தம்பிக்கு நன்றியைக் கடைசிக்கு வைத்ததில் காரியம் இருக்கிறது. முகூர்த்த நாள்களில்கூட எங்கள் பதினான்கு நாற்காலிகளை எடுக்காமல், கால் ஆடாதவையாகப் பொறுக்கி ஒதுக்கி வைத்திருக்கிறாய். வாடகை என்று பேச்செடுத்தால் கோபித்துக்கொள்கிறாய். தம்பி, வடக்கு உத்திர வீதியிலிருந்து நான்கு பேர் திங்கட்கிழமை முதல் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். போஸ்ட் மாஸ்டர் சார் பெயர்களை எழுதிவிட்டார். முடிந்தால் ஞாயிறு மாலையே இன்னும் நான்கு நாற்காலி அனுப்பிவை.