மாமா, பையனை அனுப்புங்கள்

மாமா,

பையனை நம் மரப் பட்டறையில் வேலைக்குச் சேர்த்துக்கொள்வாயா என்று போன தீபாவளிக்கு நீங்கள் கேட்டதற்கு இப்போதுதான் பதில் சொல்கிறேன். பையனை அனுப்புங்கள். மாசி மகம் முடிந்து வரும் திங்கட்கிழமையிலிருந்து வரட்டும்.

இத்தனை நாள் இழுத்ததற்கு அவன் காரணமில்லை. மேசை நடுவில் சுற்றும் கத்தியில் பலகையை இழைக்கிற அந்த சர்பேஸ் மெஷின் முன்னால் அவன் நிற்பதை நினைத்தாலே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். போனில் சொல்ல இரண்டு தடவை பார்த்தேன். நீங்கள் "சாப்டியாடா" என்று கேட்டதும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. நேரில், உங்கள் இடது கையைப் பார்த்துக்கொண்டு என்னால் பேச முடியாது. இங்கே எழுதினால் பையன் உங்கள் போனில் எடுத்துக் கொடுப்பான். அவனும் படிக்கட்டும். அக்காவும் படிப்பாள், ஊரில் நாலு பேரும் படிப்பார்கள் என்பதால் பண விஷயம் எதையும் இங்கே தொடவில்லை. அது நமக்குள் இருக்கட்டும்.

அந்த மத்தியானத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அந்த வருடம் கரண்ட் இருந்த லட்சணத்தை இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். 2012, 2013இல் சென்னையைத் தாண்டிவிட்டால் பல நாள் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இருக்காது. வரும்போது வேலை, போகும்போது தூக்கம் என்று இருந்தோம். அன்றைக்கு ஒரு மணிக்கு வந்தது, மூன்று மணிக்குப் போய்விடும். வண்டிப்பாளையம் வீட்டுக்காரர் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டார், நிலையும் கதவும் பாக்கி. மரம் எல்லாம் பலா. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் நம் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் சாய்ந்த மரங்கள். அறுத்து அடுக்கி ஒரு வருடத்துக்கு மேல் காய வைத்திருந்தீர்கள். வீட்டு வாசலில் நின்ற மரம் என்றால் கொடிக்கயிறு கட்ட ஆணி அடித்திருப்பார்கள், பட்டை அதை விழுங்கியிருக்கும் என்று சொல்லி, ஒவ்வொரு பலகையின் மேலும் ஸ்பீக்கர் காந்தத்தை ஓட்டிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான். இன்றைக்கும் காந்தம் ஓட்டாமல் ஒரு பலகையை நான் மெஷினில் விடுவதில்லை.

நீங்கள் சாப்பிடப் போயிருந்தீர்கள். நிலைக்காலுக்கு நான் ரிபேட், அதாவது கதவு பதியும் படிவெட்டு, ஓட்ட வேண்டியிருந்தது. கத்தி மேல் இருக்கும் மூடியை வைத்துக்கொண்டு ரிபேட் ஓட்ட முடியாது. அதைக் கழற்றினேன். நான்தான் கழற்றினேன் மாமா. இரண்டு போல்ட், பதினான்காம் நம்பர் ஸ்பானர். ஓட்டி முடித்ததும் மாட்ட வேண்டும் என்று நினைத்துத்தான் பெஞ்சு மேல் வைத்தேன். அதற்குள் வாசலில் வண்டி வந்து, நிலையை ஏற்ற என்னைக் கூப்பிட்டார்கள். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் உள்ளே வந்து, கதவின் நடுக்கட்டைக்கு வெட்டிய ஒன்பது அங்குலத் துண்டை எடுத்து மெஷினில் வைத்துவிட்டீர்கள்.

சத்தம் எனக்கு வாசலில் கேட்டது. மரத்தைச் சீவிக்கொண்டிருக்கும் சத்தம் திடீரென்று மாறி, துண்டு பின்னால் பறந்து தகரத்தில் அடித்த சத்தம். அப்புறம் மெஷின் வெறுமனே சுற்றும் சத்தம்.

இடது கை நடுவிரலும் மோதிர விரலும், முதல் கணு வரை.

புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு வேனில் போனோம். ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒவ்வொரு ஊராக நீங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தீர்கள், நான் அழாமல் இருப்பதற்காக. அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "துண்டானதைக் கொண்டுவந்தீர்களா?" நான் பைக் இரவல் வாங்கிக்கொண்டு திரும்ப ஓடிவந்தேன். பட்டறையில் கரண்ட் இல்லை. செல்போன் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு, மெஷின் அடியில் குவிந்திருந்த சீவலை மணல் சல்லடையில் போட்டுச் சலித்தேன். பலாச் சீவல் எவ்வளவு மஞ்சள் என்று உங்களுக்குத் தெரியும். அந்த மஞ்சளில் அங்கங்கே சிவப்பு இருந்தது, வேறு எதுவும் இல்லை. இரண்டு சாக்கு சலித்தேன். அறுக்கிற மெஷினில் போனால் துண்டு கிடைக்கும், சுத்தமான ஈரத்துணியில் சுற்றிப் பையில் போட்டு, பையை ஐஸ் மேல் வைத்து எடுத்துப்போனால் சில சமயம் ஒட்டவைக்க முடியும். சர்பேஸ் மெஷினில் அது கிடையாது. கத்தி உருளை நிமிடத்துக்கு 5000 சுற்று சுற்றினால், மூன்று கத்திக்கு நொடிக்கு 250 வெட்டு. மரத்தை என்ன செய்கிறதோ அதையேதான் விரலையும் செய்கிறது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரியாமல் தேடினேன்.

தேடி முடித்து நிமிர்ந்தபோது பெஞ்சு மேல் மூடி இருந்தது.

அதை எடுத்துப் பரண்மேல், பழைய தகரத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். மறுநாள் பெரியப்பா வந்து "மூடி இல்லாமலா ஓட்டுவீங்க" என்று கேட்டபோது, "அது எப்பவோ கழட்டிப் போட்டதுதான்" என்றேன். நீங்கள் கட்டுப் போட்ட கையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தீர்கள். முந்தின நாள் காலையில்தான் அந்த மூடிக்கு எண்ணெய் விட்டுத் துடைத்திருந்தீர்கள். உங்களுக்குத் தெரியும். என்னைப் பார்த்துவிட்டு, "நான்தான் கவனிக்கல" என்றீர்கள்.

அதற்காக உங்கள் காலில் விழ வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். அதே அளவு நாள் உங்கள் மேல் கோபமாகவும் இருந்திருக்கிறேன். அன்றைக்கே ஓர் அறை விட்டிருந்தால் அழுதுவிட்டு எழுந்திருப்பேன். நீங்கள் காட்டிக்கொடுக்காமல் விட்டது பதின்மூன்று வருடமாக என் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. அக்கா என் தட்டில் மீன் வைக்கும்போதெல்லாம், அவளுக்குத் தெரிந்தால் வைப்பாளா என்று தோன்றும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் இந்தக் கடிதமும் அந்தப் பரண் மாதிரி ஆகிவிடும். மூடி இல்லாததை நீங்களும் பார்த்தீர்கள். பார்க்காமல் இருந்திருக்க முடியாது, கத்தி கண்ணுக்கு முன்னால் சுற்றுகிறது. ஒரு அடிக்குக் குறைந்த துண்டை சர்பேஸ் மெஷினில் வைக்கவே கூடாது, நீளமாக இருக்கும்போதே இழைத்துவிட்டுத்தான் துண்டு போட வேண்டும். அந்தக் கட்டையில் கணு இருந்தது, நாரும் எதிர்ப்பக்கம் ஓடியது. முப்பது வருட ஆசாரிக்கு இது தெரியாதா? "கை மரத்தோடு போகட்டும், பயந்தா வேலை வராது" என்று கத்திக்கு மேலேயே உள்ளங்கையை வைத்துத் தள்ளச் சொல்லிக்கொடுத்தது யார்? கைக்குப் பதில் மரத்தைத் தள்ளத் தள்ளுகட்டை செய்து வைத்தபோது சிரித்தது யார்? நாற்பதாம் நாள் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் புதுச்சேரிக்கு ஹார்டுவேர் கடை வேலைக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஆறு கதவு பாதியில் நின்றது.

சரி. எழுதிவிட்டேன், அழிக்கப்போவதில்லை.

பையன் இங்கே வந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். முதல் மூன்று மாதம் இழைப்புளியும் உளியும்தான். மரத்தின் நார் எந்தப் பக்கம் ஏறுகிறது என்பதைக் கையால் இழைத்துத் தெரிந்துகொள்ளாதவனுக்கு, மெஷினில் மரம் எப்போது எகிறும் என்று தெரியாது. பலா இதில் நல்ல வாத்தியார், ஒரே பலகையில் நார் இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடும்.

பிறகு அவனைப் பக்கத்தில் நிறுத்தி நான் ஓட்டுவேன். கத்தியைத் தாண்டி இருக்கும் பின்மேசை கத்தியின் உச்சிக்குச் சரிமட்டமாக இருக்கிறதா என்று இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்ப்பது முதல் பாடம், பிளக்கைப் பிடுங்கிவிட்டு. ஒரு ஓட்டத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் எடுக்கக் கூடாது. குழிந்த பக்கம் கீழே போக வேண்டும், இரண்டு ஓரமும் மேசையில் உட்கார்ந்தால் பலகை ஆடாது. அரை அங்குலத்துக்குக் கீழே இருக்கும் பலகையைப் படுக்கப் போட்டு ஓட்டக் கூடாது. கத்திக்கு மேலே எந்த நேரமும் கை வரக் கூடாது, தள்ளுகட்டைதான் வரும். மழுங்கிய கத்தியை அன்றைக்கே மாற்றிவிடுகிறேன், மழுங்கினால்தான் கை அழுத்தும், அழுத்தின கைதான் வழுக்கும். கையுறை கிடையாது, சுற்றும் உருளை நூலைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும்.

பலகையை ஒரே கனமாகச் சீவும் திக்னஸ் மெஷினில் மரத்தை ரோலர் இழுத்துக்கொள்ளும், அதனால் பயமில்லை என்று நினைப்பார்கள். முறுக்கின பலகையை அதில் விட்டால் ரோலர் அழுத்தித் தட்டையாக்கிச் சீவும், வெளியே வந்ததும் பழையபடி முறுக்கிக்கொள்ளும். முதலில் சர்பேஸில் ஒரு முகத்தை நேராக்கிவிட்டுத்தான் இங்கே வர வேண்டும். இரண்டு ரோலருக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைவிட மரம் நன்றாக நீளமாக இருக்க வேண்டும். வெவ்வேறு கனத்தில் இரண்டு பலகையைச் சேர்த்து விட்டால் மெல்லியதை ரோலர் பிடிக்காது, அது அம்பு மாதிரி பின்னால் வரும். ஓரமாகத்தான் நிற்க வேண்டும், குனிந்து உள்ளே பார்க்கக் கூடாது.

கரண்ட் போய் வந்தால் தானாக ஓட ஆரம்பிக்காத ஸ்டார்ட்டரைப் போட்டிருக்கிறேன். 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, ஓடும் பாகத்துக்கு மூடி வேண்டும் என்று சொன்னது. ஆனால் கரண்டில் வேலை நடந்தாலும் பத்துப் பேராவது இருக்கும் இடத்தைத்தான் அந்தச் சட்டம் தொழிற்சாலை என்றது. நாம் நாலு பேர். யாரும் வந்து பார்க்கவில்லை. நாமே பார்த்திருக்க வேண்டும்.

அந்த மூடியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். துரு பிடித்திருந்தது, தேய்த்து எண்ணெய் விட்டேன். இப்போது மெஷினில் மாட்டியிருக்கிறது. இனிமேல் ரிபேட் எல்லாம் பள்ளம் எடுக்கும் ரூட்டர் மெஷினில்தான், அதைக் கழற்ற வேண்டிய வேலையே வராது.

அக்காவிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், இதைப் படித்ததும் அவளே எனக்குப் போன் செய்யட்டும். திட்டுவாள். திட்டட்டும்.

பையன் எட்டேமுக்காலுக்கு வந்தால் போதும். அரைக்கைச் சட்டை போடச் சொல்லுங்கள். போன முறை பார்த்தபோது மணிக்கட்டில் கருப்புக் கயிறு கட்டியிருந்தான், அக்கா கட்டிவிட்டதுதான். அதை அவளே வீட்டில் அவிழ்த்து வைத்துவிட்டு அனுப்பட்டும்.