தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?

காரைக்குடி,
ஆவணி மாதம், வியாழக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் நின்றுகொண்டு, "தோட்டமும் நிலமும் வடிவமைக்க எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்மா?" என்று கேட்டால் நான் என்ன சொல்ல? அதுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதுவரை லைசென்ஸ் காசை ஆபீஸ் கட்டியது, நீ வரைந்தாய். இனி நீயே ஆபீஸ் வைக்கிறாய், காசு உன் பையில் இருந்து போகப் போகிறது. மாவுருண்டை தனியாகக் கூரியரில் வருகிறது.

நான் டிரேசிங் பேப்பரில் ராட்ரிங் பேனாவால் கோடு இழுத்துப் பழகியவள். தப்பு விழுந்தால் பிளேடால் சுரண்டுவோம். 1998இல் ஆபீசுக்குக் கணினியில் பிளான் வரையும் ஆட்டோகேட் 14 வந்தபோது ஒரு வாரம் அழாத குறை. ஒரு கோட்டுக்கு இணையாக இன்னொன்று போடும் ஆஃப்செட் கட்டளை பிடிபட்டது, அப்புறம் பேனா பக்கமே போகவில்லை. அதனால் பழைய ஆள், கையால் வரை என்று சொல்வாள் என்று நினைத்துவிடாதே.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீடு. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அதைத் தங்கும் விடுதியாக மாற்றினார்கள். தோட்டத்தை வடிவமைத்தவர் வெளியூர்க்காரர். அவர் காட்டிய முப்பரிமாணப் படத்தில் பச்சைப் புல்தரை, அதன் மேல் இளமஞ்சள் வெயில். நம் ஊரில் அப்படி ஒரு வெயில் என்றைக்கு அடித்தது? ஆனாலும் எல்லாரும் மயங்கினோம். அந்தப் படத்தை வைத்து வேலைக்கான பிளான் வரைந்து கொடுத்தது நான்தான். தரை எங்கே மேடு, எங்கே பள்ளம் என்கிற லெவலைக் கேட்கவில்லை. வானவாசலில், அதாவது திறந்த முற்றத்தில், விழுகிற மழை கல் வாய்க்கால் வழியாகப் பின்பக்கம் போய், தெரு வாய்க்காலில் சேர்ந்து, ஊருணிக்குப் போகும்படி அந்தக் காலத்தில் கட்டியிருந்தார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான், அந்த வாய்க்கால் வாயின் மேல் ஒன்றரை அடி செம்மண் கொட்டிப் புல் பதிக்கும்படி கோடு போட்டிருக்கிறேன். ஐப்பசியில் ஒரு ராத்திரி மழை. தண்ணீர் திரும்பி இரண்டாம் கட்டுக்குள் வந்து, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கணுக்கால் அளவுக்கு நின்றது. யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து எந்த சாஃப்ட்வேரைப் பார்த்தாலும் லெவலை அது எப்படி வைத்துக்கொள்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். படம் எவ்வளவு அழகாக வருகிறது என்பதெல்லாம் அப்புறம்.

நிலத்தை அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியில் எடுத்த புள்ளிகளை மூன்று மூன்றாகக் கோத்து, முக்கோண வலையாகத்தான் இந்த சாஃப்ட்வேர்கள் பெரும்பாலும் நிலத்தைப் புரிந்துகொள்கின்றன. நம் ஊருணிப் படித்துறையை நினைத்துக்கொள். மேல்படியில் ஒரு புள்ளி, அடியில் ஒரு புள்ளி மட்டும் கொடுத்தால், நடுவில் படியே இல்லாதது போலச் சரிவாகப் போட்டுவிடும். ஒவ்வொரு விளிம்பிலும் பிரேக்லைன், அதாவது சரிவு இங்கே முறிகிறது என்று சொல்லும் கோடு, கொடுத்தால்தான் படி படியாக நிற்கும். இந்த வேலையில் சிவில் 3டி கெட்டி. எவ்வளவு வெட்ட வேண்டும், எவ்வளவு நிரப்ப வேண்டும் என்று கன மீட்டரில் சொல்லிவிடும். ஆனால் அது சாலையும் சாக்கடையும் போடுகிற பொறியாளர்களை மனதில் வைத்துச் செய்தது. இரண்டு பேர் ஆபீசுக்குப் பாரம், உன் மேக்கில் நேரடியாக ஓடவும் ஓடாது. வெக்டர்வொர்க்ஸ் லேண்ட்மார்க் நம் தொழிலுக்கென்றே செய்தது, மேக்கிலும் ஓடும். தரையின் முப்பரிமாண மாதிரி, செடிப் பட்டியல், பிளான் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். ஸ்கெட்ச்அப்பை வீட்டுக்காரரிடம் திண்ணையையும் நிழலையும் காட்ட வைத்துக்கொள். நான் அதில் தண்ணீர் ஓடுகிற சரிவை, ஒரு வாட்டம்கூடக் கணக்கிட மாட்டேன். அதன் இலவசப் பதிப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்த அனுமதியும் கிடையாது.

நில வரைபடங்களைக் கையாளும் கியூஜிஸ் இலவசம். மழைநீர் எந்தக் காட்டில் இருந்து எந்தக் கண்மாய்க்கு வருகிறது என்று பெரிய பரப்பில் பார்க்க அதைவிட வேறு வேண்டாம். ஒன்று மட்டும் கவனம். விண்வெளியில் இருந்து ரேடாரால் அளந்த, சும்மா கிடைக்கிற எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. நம் வீடு ஒன்றின் முழு நீளத்துக்கே இரண்டு மூன்று புள்ளிதான் விழும். அதை வைத்துக் கொல்லைக்கு வாட்டம் போட்டுவிடாதே. 40 மீட்டர் நீளத்துக்கு நூற்றுக்கு ஒன்று வாட்டம் என்றால் மொத்தமே 40 சென்டிமீட்டர்தான்.

செடிப் பக்கம் வந்தால் லேண்ட் எஃப்எக்ஸை எல்லாரும் புகழ்கிறார்கள். பிளானில் ஒரு மரத்தை எடுத்தால் பட்டியலிலும் எண்ணிக்கை குறையும், அது பெரிய வசதிதான். ஆனால் அதற்கு விண்டோஸ் வேண்டும், ஆட்டோகேட் சந்தாவுக்கு மேல் இன்னொரு சந்தாவும் வேண்டும். அதோடு வெளிநாட்டு சாஃப்ட்வேர் எதை வாங்கினாலும் மகிழம், மருதம், இலுப்பை, புங்கன் எல்லாம் முழு வளர்ச்சியில் எவ்வளவு அகலம் விரியும் என்று நீயேதான் உட்கார்ந்து ஏற்ற வேண்டியிருக்கும். அதை முதல் வருடமே ஒரு எக்செல் தாளில் தொடங்கு. நாளைக்கு எந்த சாஃப்ட்வேருக்கு மாறினாலும் கூடவே வரும்.

காசு விஷயம். ஆட்டோகேட் செய்கிற ஆட்டோடெஸ்க் 2016இலேயே நிரந்தர லைசென்ஸ் விற்பதை நிறுத்திவிட்டது. கட்டுகிற வரைக்கும்தான் உன்னுடையது. சந்தாவை விட்டுவிட்டு, நாலு வருடம் கழித்து ஒருவர் வந்து பழைய பிளானில் ஒரு சுவரைத் தள்ளிப் போடச் சொன்னால் என்ன செய்வாய்? விலை கேட்கும்போது 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கேள். திருட்டுக் காப்பி பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உன்னோடு சேர்ந்திருக்கிற பையன் கல்லூரியில் வாங்கிய மாணவர் பதிப்பை வைத்திருப்பான். அதில் கட்டண வேலை செய்ய விடாதே.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். முப்பரிமாணத்தில் வடிவமைக்க ரைனோவை 90 நாள் முழுசாகப் போட்டுப் பார்க்கலாம், பிடித்தால் ஒரே முறை காசு கட்டினால் போதும், மேக்கிலும் ஓடும். பிளான் வரைய பிரிக்ஸ்கேட் பார். நிரந்தரமாக வாங்கும் வழி அதில் இன்னும் இருக்கிறது, ஆட்டோகேடின் டிடபிள்யூஜி கோப்பிலேயே வேலை செய்யும். கட்டிடக்காரர்கள் உனக்கு அனுப்புவதும் திருப்பிக் கேட்பதும் பெரும்பாலும் அந்தக் கோப்புதானே. கூடவே கியூஜிஸ். நாலைந்து பேராக வளர்ந்த பிறகு வெக்டர்வொர்க்ஸ் பற்றி யோசிக்கலாம். ரைனோவில் லெவல் எழுதக் கொஞ்சம் கைவேலை கூடும், அது உண்மை. பொறுத்துக்கொள்.

விற்கிறவன் காட்டுகிற மாதிரிக் கோப்பில் எதையும் சோதிக்காதே. அதில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். நீயே அளந்த, கோணல்மாணலான ஓர் இடத்தைக் கொடுத்துப் பார். வந்த பிளானைத் தாளில் எடுத்து நம் கொத்தனார் அண்ணனிடம் நீட்டு. ட்யூப் மட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவர் உன்னிடம் ஒரு சந்தேகமும் கேட்காமல் நூல் கட்டினால், அந்த சாஃப்ட்வேரை வாங்கு.

சோதிக்க இடம் இல்லை என்று சொல்லாதே. நம் வீட்டுக்குப் பின்னால் ஊருணிக்குப் போகும் வரத்துக்கால் இரண்டு இடத்தில் தூர்ந்து கிடக்கிறது. உன் அப்பத்தா தினமும் என்னிடம் அதைத்தான் புலம்புகிறார். ஐப்பசி பிறப்பதற்குள் இரண்டு நாள் வா. மட்டம் பார்க்கும் டம்பி லெவல் கருவியை எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். நீ அதில் பார், ஸ்டாஃபை, அந்த அளவுகோலை, நான் பிடிக்கிறேன்.

அன்புடன்,
அம்மா