அணைப் பூங்காவுக்குப் புதுசாக எதுவும் வேண்டாம், போகிற வழியைச் சரிசெய்யுங்கள்

கிருஷ்ணகிரி அணைப் பூங்காவையும் அதைச் சுற்றியுள்ள நிலத்தையும் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

கே.ஆர்.பி. டேம் என்று நாம் சொல்கிற இந்த அணையின் பூங்காவை மேம்படுத்தணும் என்று பேச்செடுத்தாலே நீரூற்று, செல்ஃபி மேடை, கலர் லைட் என்றுதான் எல்லோருக்கும் தோன்றுகிறது. எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. என் கவலை அணைக்குக் கீழே தென்பெண்ணை ஆற்றில் இருக்கும் தரைப்பாலத்தைப் பற்றியது. தண்ணீர் கொஞ்சம் அதிகமாகத் திறந்தால் அது முழுகிவிடும், பூங்காவுக்குப் போக வழி அடைபட்டுவிடும், போலீஸ் தடுப்பு வைத்துவிடுவார்கள். ஷட்டரில் தண்ணீர் நுரைத்துக் கொட்டுவதைப் பார்க்கத்தான் சேலம், பெங்களூரு என்று எங்கிருந்தோ ஜனம் வண்டி கட்டிக்கொண்டு வருகிறது, அது கொட்டுகிற நாளில் பார்த்து வழி இல்லை என்றால் எப்படி?

தடுப்பு வைப்பது தப்பென்று சொல்லவில்லை. 2024 டிசம்பர் ஆரம்பத்தில் ஊத்தங்கரையில் ரோட்டோரம் நின்ற வண்டிகளை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் நாம். ஆனால் தடுப்பு அன்றைக்கு மட்டும்தான் உதவும். தண்ணீர் தாராளமாகப் போக அகலமான கண்கள் வைத்து, உயர்த்திக் கட்டிய ஒரு பாலம் வந்தால் இந்தச் சிக்கல் தீரும். பூங்காவுக்கு ஒதுக்குகிற பணத்தில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். அதுவரைக்கும் தரைப்பாலத்தின் இரண்டு பக்கமும் வெள்ள அளவு குறித்த கம்பமும், ஷட்டர் திறப்பதற்கு முன்னால் பூங்காவுக்குள் நன்றாகக் கேட்கிற சைரனும் போதும். ஆடிப்பெருக்கன்று சாமி சிலைகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஆற்றில் நீராட்டுகிற ஊர்க்காரர்கள் எல்லோரும் செல்போனில் வருகிற எச்சரிக்கையைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். இது முதலில் அணை, அப்புறம்தான் பூங்கா. 1957-இல் காமராஜர் திறந்துவைத்தது 52 அடி உயரத் தேக்கத்தை, இடது வலது கால்வாய்கள் வழியாக 9,012 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்க. பூங்கா அதன் தயவில் இருக்கிற விருந்தாளி. 2017 நவம்பரில் முதல் மதகின் ஷட்டர் உடைந்து, தேக்கியிருந்த தண்ணீர் ஆற்றோடு போனதே, அன்றைக்குக் கீழே காவேரிப்பட்டணம் பக்கம் ஆற்றோரம் இருந்தவர்கள் யாருக்கும் பூங்காவின் அழகு நினைவுக்கு வந்திருக்காது. புது ஷட்டர்கள் வந்துவிட்டன, சரி. ஆனால் அணைக்குக் கீழே நூறு அடிக்கு ஒரு கட்டடம் என்று நீங்களே நிரப்பினால், அல்லது நிரப்புபவர்களைக் கண்டுகொள்ளாமல் விட்டால், அடுத்த தடவை ஆற்றுக்குப் போக இடம் எங்கே?

சுற்றியிருக்கும் நிலத்துக்கு வருகிறேன். ஹைவேயிலிருந்து அணைக்குத் திரும்புகிற பக்கமெல்லாம் மனைக்கு மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது, விற்கிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. என் கோரிக்கை சின்னதுதான்: ஆற்றுப் புறம்போக்கு எங்கே முடிகிறது, வாய்க்கால் எங்கே ஓடுகிறது என்று புல வரைபடத்தை வைத்து அளந்து கல் நடுங்கள், அந்தக் கல் தெரிகிற மாதிரி வெள்ளை பெயின்ட் அடியுங்கள். எல்லைக் கல் இல்லாத இடத்தில்தான் ஆக்கிரமிப்பு முளைக்கும். வாய்க்கால் மேல் ஒரு கான்கிரீட் பலகை போட்டு வாசல் வைத்துக்கொள்வது நம்ம ஊரில் ஒரு கலை ஆகிவிட்டது, அதை யாரும் சொல்லிக் கொடுக்கவே தேவையில்லை.

மீன் கடைகளைத் தயவுசெய்து துரத்திவிடாதீர்கள். வறுத்த மீனுக்காகவே வருகிறவர்கள் பாதிப்பேர், நானும்தான். ஆனால் எண்ணெய்க் கழிவுக்கும் செதிலுக்கும் ஒரு தொட்டியும், கழுவுகிற தண்ணீருக்கு ஒரு வடிகாலும் இல்லாமல் கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. மேலே பெங்களூரிலிருந்து வருகிற கழிவில் ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைப் பக்கம் நுரை மலைபோல் பொங்குகிறது, அதற்கு நாம் தனியாகச் சண்டை போட்டாக வேண்டும், அதோடு நம்ம பங்கையும் சேர்த்து ஆற்றில் கலக்க வேண்டாமே.

படகு சவாரி வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். போகிற வழியில் அவதானப்பட்டி ஏரியிலேயே படகு இல்லம் இருக்கிறது. அதை நன்றாக நடத்தினாலே போதும். ஒரே செலவை எதற்கு இரண்டு இடத்தில் செய்யணும்?

காணும் பொங்கல் கூட்டத்தை மனதில் வைத்துக் கழிவறையையும் குடிதண்ணீரையும் கணக்குப் போடுங்கள், சாதாரண ஞாயிற்றுக்கிழமையை வைத்துப் போடாதீர்கள். பெண்கள் கழிவறைக்குத் தண்ணீர் விட ஒரு ஆளை அந்த ஒரு நாளுக்காவது தனியாகப் போடுங்கள்.

பாலத்துக்கான மதிப்பீடு தயாரானால், அதைப் பூங்கா வாசலிலேயே ஒரு பலகையில் எழுதி வையுங்கள்: எவ்வளவு பணம், எப்போது முடியும், யார் பொறுப்பு. அதையும் மீன் சாப்பிட வருகிறவர்களே படித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
காவேரிப்பட்டணத்துக்காரன் ஒருவன்