மாஸ்டரின் உடைந்த பல்

அன்புள்ள ஆட்டோ மோடுக்கு,

நீ அனுப்பிய படங்கள் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. பதில் போடாததற்கு நீ திட்டிய திட்டெல்லாம் இங்கே வரைக்கும் கேட்டது. சரி, விடு. வீட்டில் எல்லோரும் நலம். முதுகுவலி மட்டும் பழையபடிதான். அதற்காக முக்காலியைத் தூக்குவதை நான் நிறுத்தப்போவதில்லை, நீயும் அதைக் கிண்டல் செய்வதை நிறுத்தப்போவதில்லை.

இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நம் போட்டோ மாஸ்டர். அதற்கு வருகிறேன். முதலில் உன் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதிக் கடிதத்தில் "என் படம் என்னாச்சு?" என்று ஆரம்பிப்பாய்.

மீன்கொத்தி அருமை. கண்ணில் ஒளிப்புள்ளி விழுந்திருக்கிறது, பின்னணி நன்றாகக் கரைந்திருக்கிறது, அதில் கை வைக்காதே. பறக்கும் கொக்கு தேறவில்லை. நீ லென்ஸைக் குறை சொல்கிறாய். படத்தின் விவரத்தைத் திறந்து பார்த்தேன், ஷட்டர் திறந்திருந்த நேரம் 1/250 நொடி என்று இருக்கிறது. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அது போதும். சிறகடிக்கும் பறவைக்கு 1/2000 பக்கம் போகவேண்டும். ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்ச உணர்திறன், ஏறும், ஏறட்டும். நாய்ஸ், அந்த மணல் மணலான புள்ளி, வந்த படத்தை ஓரளவு தேற்றலாம், அசைந்துபோன படத்தை யாராலும் நிமிர்த்த முடியாது.

அந்த ஏரிப் படத்தை என்னதான் செய்து வைத்திருக்கிறாய்? ஷேடோவை வலது கோடிக்கும் ஹைலைட்டை இடது கோடிக்கும் இழுத்து, அதற்கு மேல் கிளாரிட்டியையும் அள்ளிப் போட்டிருக்கிறாய். மரக்கிளைகளைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு ஓடுவதைப் பார். வானம் ஆரஞ்சு என்றால் ஒத்துக்கொள்கிறேன், தண்ணீர் ஆரஞ்சு என்றாலும் ஒத்துக்கொள்கிறேன், வாத்துமா ஆரஞ்சு? ஸ்லைடரை எங்கே நிறுத்தவேண்டும் என்று தோன்றுகிறதோ, அங்கிருந்து பாதி தூரம் திரும்பி வா. மறுநாள் காலையில் இன்னொரு முறை பார். நான் செய்வது இதுதான்.

பிரிண்ட் போட்டால் இருட்டாக வருகிறது என்கிறாயே, அதற்குக் கேமராவும் காரணமில்லை, பிரிண்ட் போட்டவரும் காரணமில்லை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, மானிட்டர் வெளிச்சத்தை முழுசாக ஏற்றிவைத்துக்கொண்டு வேலை செய்கிறாய். திரை பளீரென்று இருந்தால் படம் வெளிச்சமாக இருப்பதாகத்தான் தோன்றும், நீயும் குறைத்துக்கொண்டே போவாய். திரையின் பிரகாசம் சதுர மீட்டருக்கு 100, 120 கேண்டெலாவைத் தாண்டக்கூடாது என்பார்கள். அளக்கும் கருவி இல்லாவிட்டால் போகிறது, அறை விளக்கைப் போட்டு, திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடி. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் தெரியும்வரை குறை.

அப்புறம், புதுக் கேமரா வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வீட்டுக்குள் ஆட்களை எடுக்கத்தான் என்றால் வேண்டாம். ஃபுல் ஃபிரேம் சென்சார் உன்னுடையதைவிடப் பரப்பில் சுமார் இரண்டேகால் மடங்கு, அதாவது ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல் லாபம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). கேமராவோடு வந்த உன் ஜூமில் 55 மில்லிமீட்டரில் அபெர்ச்சர், லென்ஸின் திறப்பு, எஃப் 5.6தான், எண் குறையக் குறையத் திறப்பு பெரிது. அதைக் கழற்றிவிட்டு ஒரு 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸை மாட்டிப் பார், கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும், மூன்று ஸ்டாப்புக்கும் மேல். நீ ஒதுக்கி வைத்திருப்பதில் சிறு பங்குதான் செலவாகும். பறவைதான் என்று பிடிவாதம் பிடித்தால் வாங்கு, மறுக்கமாட்டேன். புதிய மிரர்லெஸ் கேமராக்கள் பறவையின் கண்ணைத் தேடிப் பிடித்து விடாமல் போவதை நானே கையில் வைத்துப் பார்த்தேன். பொறாமையாக இருந்தது.

இனி மாஸ்டர்.

அவர் மகள் அழைத்திருந்தாள். அப்பாவின் படம் ஒன்று பெரிதாகப் போட வேண்டும் என்றாள். அத்தனை பேரையும் எடுத்த மனிதர், தன்னை எடுக்க யாரையும் விட்டதில்லை, உனக்குத்தான் தெரியுமே. இருப்பது ஒரே படம். டார்க் ரூமில் வேலை முடிந்து விளக்கைப் போட்ட பிறகு, தொட்டி ஓரமாக நின்று, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, உன் ஃபிளாஷ் கதையைக் கேட்டு வாய்விட்டுச் சிரிக்கிறாரே, நீ எடுத்தது. என்னிடம் இருப்பது அன்று நீ மெயிலில் சுருக்கி அனுப்பிய ஜேபெக், நீளப் பக்கம் 1024 பிக்சல். நல்ல பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்குப் போட்டால் மூன்றரை அங்குலம்கூட வராது.

இப்போதுதான் படத்தைப் பெரிதாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் எத்தனையோ இருக்கின்றனவே, ஒன்றில் கொடுத்தேன். சில நொடிதான். வந்ததைப் பார்த்து அசந்துபோனேன். நாய்ஸ் துளியும் இல்லை. புருவத்தில் முடி முடியாக எண்ணலாம். சட்டைத் துணியின் நெசவு தெரிகிறது. இருந்த சந்தோஷத்தில் நேரே மாஸ்டரிடமே கொண்டுபோய்க் காட்டினேன்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, படத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து, அவர் வழக்கமாகப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். "நல்லா இருக்காரு. யாருப்பா இவரு?" என்றார்.

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. முன்பல்லில் மூலை உடைந்திருக்குமே, அந்தப் பல் முழுசாக இருக்கிறது. வரிசை பிசகாத பற்கள், விளம்பரத்துக்கு நிற்கலாம். இடது புருவத்துக்கு மேலே இருக்கும் மச்சத்தைக் காணோம், அதையும் நாய்ஸ் என்று துடைத்துவிட்டது. பின்னால் அலமாரியில் இருக்கும் கெமிக்கல் பாட்டில்களின் லேபிளைப் பார், எழுத்துபோலவே இருக்கிறது, எந்த மொழியிலும் இல்லாத எழுத்து. கண்ணோரச் சுருக்கம் இருக்கிறது, ஆனால் அவருடைய சுருக்கம் இல்லை. அது யாரோ ஒரு வயதானவரின் சுருக்கம்.

ஏன் இப்படி என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தச் சின்னப் படத்தில் அவர் முகம் குறுக்கே நூறு பிக்சல்தான். பல் ஒன்றுக்கு ஆறு பிக்சல் வரும், உடைந்த மூலைக்கு இரண்டு. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்குத் தப்பும் நுணுக்கங்களைத் தள்ளிவிட்டுத்தான் சுருக்குகிறது. அவர் பல் மொத்தமும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அதற்குமேல் ஐஎஸ்ஓ 1600இன் நாய்ஸ் வேறு. மென்பொருள் என்ன செய்யும், பாவம். பார்த்துப் பழகிய முகங்களையெல்லாம் வைத்து, இந்த இடத்தில் வழக்கமாக என்ன இருக்கும் என்று கேட்டுக்கொள்கிறது. வழக்கமாக முழுப் பல் இருக்கும். போட்டுவிட்டது.

நீ இப்போது என்ன சொல்வாய் என்று தெரியும். "டிஜிட்டலில் எல்லாமே ஊகம்தானே!" பழைய சண்டை. பாதி ஒத்துக்கொள்கிறேன். பெரும்பாலான சென்சார்களில் ஒரு பிக்சல் ஒரு நிறத்தைத்தான் பார்க்கிறது. 1976இல் கோடாக்கின் பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற அந்த வடிகட்டி அமைப்புதான் இன்னும் ஓடுகிறது, பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். மிச்ச இரண்டு நிறமும் அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கணக்கிட்டுப் போட்டவை. ஆக நாம் பார்க்கும் நிறத்தில் மூன்றில் இரண்டு பங்கு யாரும் அளக்காதது. இருக்கட்டும். அந்தக் கணக்கு மாஸ்டரின் பல்லுக்கு மாஸ்டரின் உதட்டைக் கேட்கிறது. இந்த மென்பொருள் ஊரார் பல்லைக் கேட்கிறது.

மாஸ்டரே டச்சப் செய்தவர்தானே என்றும் கேட்பாய். செய்தார். நெகட்டிவ் மேல் பென்சில் வைத்து எத்தனை பேருக்கு முகப்பரு எடுத்திருக்கிறார், எத்தனை பேருக்குக் கண்ணடிக் கருவளையம் குறைத்திருக்கிறார். இதைத்தான் யோசித்துக்கொண்டே இருந்தேன், எனக்கு இன்னும் முழுசாகத் தெளியவில்லை. எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான்: அவருக்கு முன்னால் அந்த ஆள் உட்கார்ந்திருந்தார். எதை எடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியும், கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். மச்சத்தில் கை வைக்கமாட்டார். பரு அடுத்த வாரம் போய்விடும், மச்சம் போகாது என்பார். இந்த மென்பொருள் யாரையும் கேட்கவில்லை. என்ன எடுத்தது, என்ன போட்டது என்று ஒரு வரி சொல்லவும் இல்லை. நான் பல்லைத் தேடிப் பார்த்ததால் தெரிந்தது. தெரியாத முகமாக இருந்தால்?

இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. இன்றைக்கு அவர் இருக்கிறார், "யாருப்பா இவரு?" என்று கேட்க வாய் இருக்கிறது. பேத்தி பெரியவளாகும்போது கையில் இருக்கப்போவது அந்தப் பிரிண்ட். முழுப் பல்லோடு சிரிப்பவர்தான் தாத்தா என்று அவள் நம்புவாள். அது பொய் என்று சொல்ல யார் இருப்பார்கள்? இதற்குப் படத்தைப் பெரிதாக்கக்கூட வேண்டாம், கைபேசியில் எடுக்கிற படத்தை நாம் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே பல ஃபிரேம்களை ஒன்றாக்கி, தோலை வழித்து, கண்ணைக் கூர்மையாக்கி முடித்துவிடுகிறார்கள். படம் எங்கே, யார் எடுத்தது, பிறகு என்ன செய்தார்கள் என்று கையெழுத்துபோலப் பதிந்து வைக்கும் வசதி இப்போது வருகிறது, லைக்கா 2023இல் எம்11-பி கேமராவிலேயே அதைக் கொண்டுவந்தது. நல்லதுதான். சட்டம் போட்ட படத்துக்குப் பின்னால் அது எங்கே ஒட்டிக்கொண்டிருக்கும், சொல்.

நாய்ஸ் எடுப்பதே பாவம் என்று சொல்லவரவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. என்னுடைய பழைய 6 மெகாபிக்சல் ரா ஃபைல்களை, சென்சார் பிடித்ததை ஜேபெக் ஆக்காமல் வைத்திருப்பவை, இப்போதைய மென்பொருளில் திறந்தேன். ஐஎஸ்ஓ 800இல் எடுத்து அப்போது குப்பை என்று ஒதுக்கியவை. என்னமாக வருகிறது தெரியுமா! அப்போது கறுப்பு அப்பியதுபோல் இருந்த தலைமுடிக்குள் இழை இழையாகத் தெரிகிறது. காரணம், தகவல் உள்ளே இருந்தது. 12 பிட் ராவில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 4096 படிகள், ஜேபெக்கில் நிறத்துக்கு 256. அப்போது நம்மிடம் எடுத்துப் பார்க்கக் கருவி இல்லை, அவ்வளவுதான். படம் எடுத்தபிறகு படம் நன்றாவதை இந்த வயதில் பார்க்கிறேன்.

அதனால்தான் இந்தக் கடிதம். நன்றாக யோசித்துப் பார். அன்றைக்கு உன் கேமராவை வாங்கி ரா என்று மாற்றிக் கொடுத்தவன் நான். "கார்டு பாதியிலேயே நிறைஞ்சுபோச்சு, உன்னால்தான்" என்று திரும்பி வரும் வழியெல்லாம் கத்தினாயே, ஞாபகம் இருக்கிறதா? அப்படியானால் அந்தப் படத்துக்கு ரா ஃபைல் இருந்திருக்க வேண்டும். நீ எதையும் அழிக்கிற ஜாதி இல்லை, சோம்பேறி. அந்தச் சோம்பேறித்தனத்தைத்தான் நம்பியிருக்கிறேன்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடு. கிடைத்ததும் அதற்குள் எதையும் திறந்து விளையாடாதே, முதலில் அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடு. கடகடவென்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடு. உன் கேமரா நிக்கான் என்பதால் ஃபைல் பெயரின் கடைசியில் என்ஈஎஃப் என்று இருக்கும், ஒவ்வொன்றும் ஐந்து எம்பி பக்கம். கிடைத்தால் 3008க்கு 2000 பிக்சல். 12க்கு 8 அங்குலம் போட்டாலும் அங்குலத்துக்கு 250 வருகிறது, சுவரில் மாட்ட தாராளம். உடைந்த மூலைக்கு ஆறு பிக்சல் கிடைக்கும். எனக்கு அது போதும்.

கிடைக்காவிட்டால் அந்தச் சின்னப் படத்தையே, நாய்ஸோடு, மூன்றரை அங்குலத்தில் போட்டு, சுற்றிலும் அகலமாக வெள்ளை விட்டுச் சட்டம் போட்டுத் தருவேன் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கு அரைமனது. அந்தப் பளபளப்பான படம் அவளுக்குப் பிடித்துவிட்டது. அப்பாவுக்கு வயது குறைந்தமாதிரி இருக்கிறதாம். அவளோடு வாதாட எனக்குத் தெம்பில்லை, அந்த வேலையை உனக்கு விட்டிருக்கிறேன், நீ சொன்னால் கேட்பாள்.

இன்னொன்று. ஃபைல் கிடைத்தால் அரட்டைச் செயலியில் படமாக அனுப்பித் தொலைக்காதே, அது மறுபடி சுருக்கிவிடும். டாகுமெண்டாக இணைத்து அனுப்பு. எப்படி என்று தெரியாவிட்டால் உன் பையனைக் கேள், என்னைக் கேட்காதே.

அன்புடன்,
முக்காலி